வெளியே வராத சீடி

டிலக்சன் வாங்கிவந்த பழைய யப்பான் வானுக்குள்
யாரோ மறந்துவிட்ட ஒரு சீடி.
பொத்தானை அமத்தினால் அரை அங்குலம் நாக்கை நீட்டும்.
பிடிக்கப்போனால் உள்ளே இழுத்துக்கொள்ளும்.
குறடு வைத்தான். கறிக்கத்தி வைத்தான்.
நேர்த்தியும் வைத்தான்.
றேடியோ தொண்ணூறோடு நின்றுவிடும்,
எங்கள் நிலையங்கள் எல்லாம் அதற்கு மேலே.
திரையில் எங்கள் வண்டி
கரையே இல்லாத நீலத்தின் நடுவில் நிற்கும்.

ஆகவே
விடிய ஐந்தே முக்காலுக்கு, மாங்குளம் சந்தியில்,
பதினொரு பெண்கள், ஒரு தண்ணீர்ப் பீப்பா,
சம்பல் மணக்கிற பைகள்,
அவற்றோடு அவன்.

அவனை எப்படிச் சொல்ல?
விக்கல் எடுத்த ஒருவன்
பதினேழாம் வாய்ப்பாட்டைத்
தலைகீழாக ஒப்புவிக்கிறான்.
பக்கத்தில் ஒரு தையல் மெசின்
துணியே இல்லாமல் ஓடுகிறது.
தகரத்தில் கரண்டியால் அடிக்கிற ஆளுக்கு
பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்.
நடுவில் ஒருத்தி வந்து
ஹை! என்கிறாள்.
போய்விடுகிறாள்.
பிறகு வரவேயில்லை.
அந்த ஒரு ஹைக்கும் சம்பளம் கொடுத்திருப்பார்கள்.

"விசர்க் கூட்டம்" என்றாள் கொன்சலா.
சுகிர்தமலர் சேலைத்தலைப்பைக் காதில் அடைந்தாள்.
வதனியின் செருப்பு தாளம் போட்டது.
தான் போடவில்லை என்றாள் வதனி.

மூன்றாவது பாட்டில்தான் வந்தது

பீப்.

வானுக்குள் ஒரு வாயும் அசையவில்லை.
என் வலது கை தானாக மேலே போயிற்று.
கொன்சலாவின் கால் பாதியில் நின்றது, அந்தரத்தில்.
அதே சுருதி. அதே கீச்சு.
எட்டு வருடமாக முழங்காலில் இருந்து
நாங்கள் கேட்கிற அதே குரல்.
பீப் என்றால் நில்.
பீப் என்றால் சிவப்புத் தடி, கத்தரி, தூரிகை,
பக்கவாட்டில் இருந்து
விரல் விரலாக மண்.
பீப் என்றால் ஆணி. மீன் ரின் மூடி. வெற்றுக் கோது.
பீப் என்றால், ஆயிரத்தில் ஒருதரம்,
தவயோகன் சேர் விசில் ஊத
எல்லோரும் பின்னால் போகிற அது.

அவனுக்கு இதெல்லாம் தெரியாது.
பீப் என்றான், குதித்தான்.
பீப் பீப் என்றான்,
இரண்டு தரம் குதித்தான்.
எங்கே காலை வைக்கிறான் என்று
குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"அவற்ற மெசின் பழுதடி" என்றாள் வதனி.

ஒலுமடு கடந்தும் சிரிப்பு நிற்கவில்லை.
சுகிர்தமலருக்குப் புரையேறியது.
டிலக்சன் கண்ணாடியில் எங்களைப் பார்த்து
வண்டியை மெதுவாக்கினான், பயந்துபோய்.

பத்து இருபதுக்கு என் ஒழுங்கையில் ஒரு பீப்.
முகமூடிக்குள் வேர்வை. பாலை மரத்தில் ஏதோ குருவி.
அரை மணித்தியாலம் கிண்டினேன்.
ஒன்றரை அங்குலத்தில் வளைந்த ஆணி.
ஹை! என்றேன், கண்ணாடிக்கு மட்டும் கேட்க.

பின்னேரம் திரும்புகையில்
கரிப்பட்டமுறிப்பு வளைவில்
"நிப்பாட்டு" என்றாள் கொன்சலா. கொன்சலாதான்.
போன மாசி மாதம்
நாங்கள் துடைத்துக் கையெழுத்து வைத்த காணி.
"கதவுகளைத் திற. கூட்டிவிடு."

சப்பாத்துகளோடு இறங்கினோம்.
முதலில் ஒருத்தரும் குதிக்கவில்லை.
கையெழுத்து எங்களுடையதுதான்.
கால் அதை வாசிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

பீப்.

வதனி எழும்பினாள். விழுந்தாள். மண் மண்ணாகவே இருந்தது.
பிறகு பதினொரு சோடிச் சப்பாத்தும்
தாளத்துக்கு முன்னும் பின்னும்
தப்புத் தப்பாக
தொம் தொம் என்று,
சுகிர்தமலர் தொண்டை கிழிய ஹை! என்று,
விக்கல்காரன் பதினேழில் இருந்து பதினாறுக்கு இறங்க,
டிலக்சன் வான் கூரையில் தாளம் தட்ட,

வேலிக்கு அங்கால் இருந்து ஒருவர்
மண்வெட்டியோடு ஓடிவந்தார்:

"எடியேய்!
நேற்றுத்தானடி கச்சான் போட்டனான்!"